படகுக்குக் ‘கலர் மாறும் பெயிண்ட்’ அடிக்கக் கொடுக்கப் போகிறீர்களா? எந்த வகை என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்

புதுச்சேரியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் சின்ன ஃபைபர் போட் ஒன்றை நானே ஓட்டுகிறேன். வெள்ளை போட். அணியத்திலிருந்து (முன்முனை) கடையால் (பின்முனை) வரை இரண்டு பக்கமும் ஒரு பட்டை மட்டும், பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப பச்சையாகவும் ஊதாவாகவும் தெரிய வேண்டும் என்று ஒரு கார் பெயிண்டிங் பட்டறையில் கொடுத்தேன். பேசிய தொகை 38,000 ரூபாய். பாதி முன்பணம், மீதி டெலிவரி அன்று. புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை.

பட்டறையில் மாதிரிக்கு ஒரு ஹெல்மெட் தொங்கவிட்டிருந்தார்கள். அது அசல் சரக்கு, சந்தேகமில்லை. திருப்பத் திருப்ப நிறம் ஓடியது. ஏப்ரலில் ஒரு விடியற்காலை ஷெட்டுக்குள் போட்டைக் காட்டியபோது பட்டை ஊதாவாக, கொஞ்சம் முத்துப் பளபளப்போடு இருந்தது. வெளிச்சம் போதவில்லை, வெயிலில் பச்சை தெரியும் என்றார்கள். துறைமுகத்துக்குக் கொண்டு வந்து வெயில் ஏறியதும் பட்டை முழுக்க ரோஸ். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ரோஸ். போன் செய்தால், “கலர் மாறுதுல்லண்ணே? அதானே கேட்டீங்க!” என்று பதில் வந்தது.

இதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு விற்கிறது. கோணத்துக்கு மாறுவதைக் கேமிலியன், அதாவது பச்சோந்தி பெயிண்ட் என்பார்கள். அதில் இருப்பது சாயம் அல்ல, மிக மெல்லிய செதில்கள். விலை கூடிய வகையில் நடுவில் அலுமினியம், அதன் இரு புறமும் மெக்னீசியம் ஃப்ளோரைடு, அதற்கு மேல் குரோமியம் என்று அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். சோப்புக் குமிழியில் நிறம் ஓடுவதும் இதுவும் ஒரே சங்கதிதான், ஒளி அடுக்குகளில் பட்டுத் திரும்பும் விதத்தால் வருகிற நிறம். 1996-இலேயே ஃபோர்டு ‘மஸ்டாங் கோப்ரா’ காரில் இப்படி நிறம் மாறும் பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். சாயம் இல்லாததால் வெயிலுக்குச் சுலபத்தில் வெளுக்காது.

என் போட்டில் அடித்தது சூட்டுக்கு மாறும் பவுடர். காபி ஊற்றினால் படம் தெரியும் கப் பார்த்திருப்பீர்கள், அதே இனம். கண்ணுக்குத் தெரியாத உறைகளுக்குள் சாயமும், அதற்கு நிறம் கொடுக்கும் அமிலமும், சீக்கிரம் உருகும் ஒரு மெழுகுப் பொருளும் இருக்கும். சூடானால் மெழுகு உருகி, சாயத்தின் நிறம் மறைந்து, அடியில் உள்ள பெயிண்ட் தெரியும். கடைகளில் பரவலாகக் கிடைப்பது 31 டிகிரியில் மாறும் வகை. சித்திரை மாதத்தில் எங்கள் ஊரில் வெயிலில் நிற்கும் ஃபைபர் 31 டிகிரிக்குக் கீழே எப்போது வரும்? வெயில் ஏறாத விடியலில் வேண்டுமானால் ஊதா பார்க்கலாம். சீக்கிரமே அந்தச் சாயமும் செத்துவிடும், ஏனென்றால் இந்தச் சாயத்துக்குப் புற ஊதாக் கதிர்தான் எமன். எனக்கு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. திட்டுத் திட்டாக வெளிறி, ஓரங்களில் உரியவும் ஆரம்பித்தது.

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு வேலை செய்யும் பெயிண்டர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் டேப்பை ஒட்டி இழுத்தார், பட்டை தோல் மாதிரி வந்தது. அடியில் ஜெல்கோட், அதாவது ஃபைபரின் வெளிப்பூச்சு, பளபளவென்று புதிது போல இருந்தது. அதன் மேல் இருக்கும் மெழுகைத் துடைக்கவில்லை, எமரி போடவில்லை, பிரைமரும் கிடையாது. கேமிலியனுக்குக் கறுப்பு பேஸ் (அடிப்பூச்சு) வேண்டும், இதில் ரோஸ் பேஸ். அப்புறம் தின்னரில் நனைத்த துணியால் மேலே தேய்த்தார், மேலே அடித்திருந்த நிறமற்ற கிளியர் கோட் கரைந்து துணியில் ஒட்டியது. ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிப்பதுதான் 2கே கிளியர், நன்றாகக் காய்ந்தால் அப்படிக் கரையாது. 2கே என்று வாயால் சொல்லிவிட்டுச் ஹார்ட்னர் இல்லாத சாதா லாக்கர் பூச்சு அடித்திருக்கிறார்கள். இதையெல்லாம் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், உரிந்த துண்டும் என்னிடம் இருக்கிறது.

பணம் கேட்டபோது, கடல் காற்றுக்கு எந்தப் பெயிண்டும் நிற்காது என்றார்கள். துறைமுகத்தில் பத்து வருஷப் பெயிண்டோடு படகுகள் நிற்கின்றன! பில்லில் ‘ஸ்பெஷல் பெயிண்ட்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நல்லவேளையாக, பச்சை–ஊதா, கோணத்துக்கு மாற வேண்டும் என்று நான் கேட்டதும் அவர்கள் சரி என்றதும் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. நீங்கள் கொடுப்பதானால் பெயிண்டின் பெயர், பேஸ், கிளியர் மூன்றையும் பில்லில் எழுத வையுங்கள். உங்கள் டப்பாவிலிருந்தே ஒரு ஃபைபர் துண்டில் அடித்துக் காட்டச் சொல்லி, அதை உச்சி வெயிலில் வைத்துப் பாருங்கள். ஹெல்மெட்டை நம்பாதீர்கள்.

அசல் கேமிலியனையே திரும்ப அடிக்கலாமா என்று அந்தப் பெயிண்டரிடம் கேட்டேன். தினமும் படகுத்துறை மேடையில் உரசும் போட்டுக்கு வேண்டாம் என்றார். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் டச்சப் செய்ய முடியாதாம், நிறம் ஒட்டாமல் தனியாகத் தெரியுமாம். இப்போது சாதாரண ஆரஞ்சு பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் பட்டை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தும் பட்டறை அசையவில்லை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணம் கிடையாது. வணிகப் படகு, நான் நுகர்வோரே இல்லை என்பது அவர்கள் வாதம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்தினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு விலக்கு உண்டு, அதைக் காட்டிப் பதில் கொடுத்திருக்கிறேன்.