மூக்குடைந்த இரண்டு யாளிகள்: பள்ளிக்கு வாங்கிய பெரிய கோயில் படங்கள்

திருப்பூரில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் 19 வருடமாக ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். டிராயிங் பீரியட் வாரத்துக்கு இரண்டு. அதில் ஒன்றைக் கணக்கு வாத்தியார் "போர்ஷன் முடியல டீச்சர்" என்று கடன் வாங்கிப் போவார். இதுவரை திருப்பித் தந்ததில்லை. மிச்சமிருக்கும் ஒன்றில் தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், பாடப்புத்தகத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம் இருக்கும். வங்கி கொடுத்த காலண்டரை வெட்டி வைத்துக்கொண்டு சமாளித்த வருடங்களும் உண்டு.

புரொஜெக்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எங்கள் வகுப்பறை ஜன்னல்களுக்குத் திரை கிடையாது. பகல் பதினொரு மணிக்குச் சுவரில் கோபுரம் மோர் தெளித்த மாதிரி தெரியும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். புரொஜெக்டர் படத்தின் பக்கத்தில் போய் நின்றால் உங்கள் நிழல்தான் விழும். பிள்ளைகள் பார்க்கக் கற்றுக்கொள்வதே பக்கத்தில் போய் விரல் வைத்துத்தான்.

எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் பனியன் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறார். போன ஜூன் மாதம் பள்ளிக்கு வந்து "ஏதாவது செய்யோணும் டீச்சர், பீரோ வாங்கித் தரட்டுங்களா?" என்றார். பீரோ வேண்டாம், படம் வேண்டும் என்றேன். அப்படித்தான் கோயம்புத்தூரில் இருக்கும் இந்தக் கடையைத் தேடிப் போனோம். கட்டடங்களை மட்டும் படம் எடுப்பவர் நடத்துவது. பில்டர்களுக்கும் ஓட்டல்காரர்களுக்கும் எடுத்துச் சம்பாதித்துக்கொண்டு, ஆசைக்காகக் கோயில்களை எடுக்கிறார். அந்தப் படங்களைப் பெரிதாக அச்சடித்து ஆர்க்கிடெக்சர் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் விற்கிறார். கடையின் பெயரை நான் போடப்போவதில்லை. பாதிக்குமேல் புகழத்தான் போகிறேன், ஆனால் குறையும் சொல்ல இருக்கிறது. அவர் அதைத் திருத்தியும் கொடுத்துவிட்டார்.

ஆறு படம் வாங்கினோம். 60க்கு 40 அங்குலத்தில் ஐந்து, ஒவ்வொன்றும் 4,500 ரூபாய். எட்டடிக்கு நாலடியில் ஒன்று, 9,000 ரூபாய். ஜிஎஸ்டி தனி, டெம்போ வாடகை 1,800 தனி. காகிதத்தில் அச்சடித்து, சன்போர்டில் (லேசான நுரைப்பலகை) ஒட்டி, மேலே மேட் லேமினேஷன். பளபள லேமினேஷன் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டியூப்லைட் அப்படியே அதில் படுத்துக்கொள்ளும், கோயில் தெரியாது. ஃபிளெக்ஸில் அடித்தால் பாதி விலைக்கு முடியும்தான். ஆனால் கிட்டத்தில் போனால் புள்ளி புள்ளியாகத் தெரியும், காதுகுத்து பேனர் மாதிரி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சை விமானத்தை, அதாவது கருவறைக்கு மேலே எழும் கோபுரத்தை, நாம் செல்போனில் எடுத்தால் என்ன ஆகும்? அண்ணாந்து எடுப்போம், கோயில் பின்பக்கமாகச் சாயும், உச்சி ஊசி மாதிரி கூம்பும். இவர் ஷிஃப்ட் லென்ஸ் போட்டு, கேமராவை நிமிர்த்திச் சுவருக்கு நேராக வைத்து, லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி எடுத்திருக்கிறார். அதனால் செங்குத்துக் கோடு செங்குத்தாகவே நிற்கிறது. மேல்நிலைகள் உள்ளே தள்ளிப் போவதால் அளவு நூற்றுக்கு நூறு வராது. அதை அவரே சொன்னார். தூரத்தில் நின்று எடுத்ததால் பிசகு குறைவு. தொல்லியல் துறைக் கோயில்களில் முக்காலி வைக்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், அதற்கு அலைந்த கதையை ஒரு மணி நேரம் சொன்னார். டீ நன்றாக இருந்தது.

இந்த நேர்கோடு எதற்கு என்று ஹெச்.எம். கேட்டார். எட்டாம் வகுப்பில் செய்து காட்டினேன். கங்கைகொண்ட சோழபுரம் படத்தையும் தஞ்சைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். எங்கள் ஊரில் ஓவர்லாக் நூலுக்குப் பஞ்சமில்லை. ஒரு கோன் சிவப்பு நூல் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பெண் நாற்காலியில் ஏறி நூலின் நுனியைச் சிகரத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி மறுமுனையை விமானத்தின் அடிமூலையில் விறைப்பாக இழுத்துப் பிடித்தாள். தஞ்சையில் நூல் விமானத்தின் ஓரத்தோடு ஓரமாகப் படிந்து நின்றது. கங்கைகொண்ட சோழபுரத்தில் நடுவில் நூலுக்கும் கல்லுக்கும் இடையே இடைவெளி. ஒரு பையன் அதில் விரலை விட்டுக் காட்டினான். அப்பா ராஜராஜன் கட்டியது நேராக ஏறுகிறது, மகன் ராஜேந்திரன் கட்டியது உள்வாங்கி வளைந்து ஏறுகிறது என்று இத்தனை வருடம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளைக்கும் நினைவில் நின்றதில்லை. இந்த வருடம் பரீட்சையில் கேட்காத கேள்விக்கெல்லாம் அதை எழுதிவைத்திருந்தார்கள்.

மாமல்லபுரம் படத்தில் திரௌபதி ரதத்தைப் பார்த்ததும் "மிஸ், இது குடிசை" என்றார்கள். அதுதான் பாடமே. கூரை வேய்ந்த குடிசையைப் பாறையில் வெட்டியிருக்கிறான் என்று அவர்களே சொன்ன பிறகு எனக்கு வேலையில்லை. பீம ரதம் அதே படத்தின் ஓரத்தில் வருகிறது, வண்டிக்கூண்டு மாதிரி நீண்ட கூரையோடு.

காஞ்சி கைலாசநாதர் படம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மணற்கல்லுக்கு ஒரு வெளிறிய நிறம் உண்டு, அரித்துப்போன இடமும் பிற்காலத்தில் பூசிய சுதையும் வேறு வேறாகத் தெரியும். கடைக்காரர் எல்லாவற்றையும் சேர்த்து மாம்பழ நிறமாக்கி வைத்திருந்தார். மாலை வெயில் என்றார். மாலை வெயிலாகவே இருக்கட்டும், நிழல் பக்கமும் ஏன் மாம்பழமாக இருக்கிறது? சென்னை செனட் ஹவுஸ் படம் சுமார். ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் சிசோம் கட்டிய அந்தக் கட்டடத்தின் வளைவுகளைக் காட்ட உதவுகிறது, அவ்வளவுதான்.

இனி அந்த எட்டடிப் படத்துக்கு வருகிறேன். தஞ்சை விமானத்தின் அடிப்பகுதி, அதாவது அதிட்டானம். உருண்டையாக ஓடும் கல் வரியான குமுதம், அதன்மேலும் கீழும் கல்வெட்டு, மேலே வரிசையாக யாளிகள், சிங்க முகக் கற்பனை விலங்குகள். எட்டடிப் படத்தைப் பிள்ளைகள் மூக்கு உரசப் பார்க்க வேண்டுமென்றால் அங்குலத்துக்கு 150 புள்ளியாவது வேண்டும். கணக்குப் போட்டால் 14,400க்கு 7,200. பத்துக் கோடிப் புள்ளிக்கு மேல். அவர் கேமராவில் ஒரே படத்தில் அது வராது என்பதால் பகுதி பகுதியாக எடுத்துக் கணினியில் ஒட்டியிருந்தார்.

இது புதுசு ஒன்றும் இல்லை. சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப், 1858இல் இதே அடித்தளத்தின் கல்வெட்டைத்தான் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். அதுவும் மெழுகு பூசிய காகித நெகட்டிவில். அந்த மனிதர் வானம் வெறுமையாக இருக்கிறதே என்று நெகட்டிவில் மேகத்தைக் கையால் வரைந்து சேர்த்ததும் உண்டு. மேகத்தில் கை வைத்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

படம் வந்த அன்று வராந்தாவில் சாய்த்து வைத்தோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கல்வெட்டைப் படிக்கப் பார்த்தார்கள். க தெரிகிறது, ட தெரிகிறது, ப தெரிகிறது. "புள்ளியே வைக்கலையே மிஸ், தமிழய்யா மார்க் போடமாட்டாரு" என்று ஒருத்தி சிரித்தாள். அந்தக் காலக் கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது வலது ஓரத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு பையன் கூப்பிட்டான். வகுப்பில் வாயே திறக்காதவன். அவன் அப்பா பிரிண்டிங் யூனிட்டில் டேபிள் பிரிண்டர்.

"மிஸ், இங்க ரிப்பீட் விழுந்திருக்குது."

திருப்பூர்க்காரர்களுக்கு இது புரியும். துணி முழுக்க டிசைன் ஓட்டும்போது ஒரே பூ எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்பதுதான் ரிப்பீட். யாளி வரிசையே ஒன்றுபோலத்தானே இருக்கும், என்ன பெரிதாக என்று போய்ப் பார்த்தேன். அவன் ஒரு யாளியைக் காட்டினான். மூக்கில் ஒரு சில்லு உடைந்திருக்கிறது, உடைந்த இடத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு பறவை எச்சம், சிலேட்டுப் பலகையில் சுண்ணாம்பு வழிந்தது போல. இரண்டு யாளி தள்ளி அதே மூக்கு, அதே சில்லு, அதே எச்சம்.

நெஞ்சு திக்கென்றது. கீழே குனிந்து கல்வெட்டைப் பார்த்தேன். நேர்கீழே ஒரு முழ அகலத்துக்கு எழுத்துகளும் ரிப்பீட். பக்கத்தில் இருக்கும் நாலு வரித் துண்டை எடுத்து அங்கே ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய ஓரம் தெரியவே இல்லை, அவ்வளவு சுத்தமான வேலை.

கடைக்குப் போன் போட்டேன். "ஏனுங் டீச்சர், அந்த எடத்துல ஒரு லைட் கம்பம் மறைச்சுதுங்க. கூட்டற அம்மா ஒருத்தரு வேற நின்னுட்டு இருந்தாங்க. அசிங்கமா இருக்குதேன்னு பசங்க எடுத்துட்டாங்க" என்றார். ஓட்டல் லாபியை எடுத்தால் அப்படித்தான் செய்வார்களாம். வயர், சுவிட்ச்போர்டு, குப்பைத்தொட்டி எல்லாம் போய்விடும்.

நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். இது லாபி இல்லை. நான் கொடுத்ததும், அக்கன் கொடுத்ததும், நம் பெண்டுகள் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொல்லி வெட்டிய இடம். அவர் கல்லிலே வெட்டச் சொன்னார், நீங்கள் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிவிட்டீர்கள் என்றேன். மறுமுனையில் சத்தமில்லை. அப்புறம் மெதுவாக, "நானே இத கவனிக்கலீங்க டீச்சர். எந்தப் பையன் கண்டுபிடிச்சான்?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் அவர்மேல் எனக்குக் கோபம் தணிந்தது. இந்தப் படத்தை இதற்குமுன் இரண்டு கல்லூரிகளுக்குக் கொடுத்திருக்கிறாராம். யாரும் கேட்கவில்லையாம்.

காசு வாங்காமல் புதுசாக அடித்துத் தருகிறேன் என்றார். கம்பம் இருக்கட்டும், அந்த அம்மாவும் இருக்கட்டும், எதையும் எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பதினெட்டு நாள் ஆனது. நடுவில் இரண்டு முறை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. வந்த பலகையின் ஒரு மூலை மடங்கியிருந்தது. எட்டடிப் பலகையை டெம்போவில் கயிறு போட்டுக் கட்டினால் அப்படித்தான் ஆகும், மூலைக்கு அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

ஆனால் படம்! கம்பம் இரண்டு யாளிகளை மறைக்கிறது, மறைக்கட்டும். அந்த அம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் நின்றதும் கல்லுக்கு உயரம் வந்துவிட்டது. முதல் படத்தில் அந்த அடித்தளம் முழங்கால் உயரமா ஆள் உயரமா என்று ஒரு பிள்ளைக்கும் சொல்லத் தெரியவில்லை. இப்போது அந்த அம்மாவை ஸ்கேலால் அளந்து, இப்படி எத்தனை அம்மா ஒருவர்மேல் ஒருவர் நின்றால் யாளியைத் தொடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். டிராயிங் பீரியடில் கணக்கு நடக்கிறது என்று கணக்கு வாத்தியாரிடம் சொன்னேன்.

இன்னொரு குறை. ஒவ்வொரு படத்தோடும் ஒரு குறிப்புத்தாள் தருகிறார்கள், முழுக்க ஆங்கிலத்தில். தமிழ் வழிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு விற்கிறோம் என்று தெரிந்தே. அதிட்டானம், குமுதம், போதிகை, கொடுங்கை என்று நம்மிடம் வார்த்தை இல்லாமலா போயிற்று? மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே எழுதி, கோட்டோவியத்தில் அம்புக்குறி போட்டு, ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினேன். ஒரு பிரதியை அவருக்கும் அனுப்பியிருக்கிறேன். அடுத்த அச்சில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். இந்த விலைக்கு நேர்கோட்டில் எடுத்த கோயில் படம் இவ்வளவு பெரிதாக வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. வாங்குவதற்கு முன்னால் மூன்று விஷயம் பேசிவிடுங்கள்: எதையும் அழிக்காத படம் வேண்டும், நிறம் ஏற்றாத படம் வேண்டும், மூலைக்கு அட்டை வேண்டும்.

பழைய எட்டடிப் பலகையைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அனுப்பவில்லை. ஓவிய அறையில் பின்பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். புதிதாக வரும் வகுப்புக்கு முதல் பீரியடே அதுதான்: இதில் ரிப்பீட் எங்கே? போன வாரம் ஆறாம் வகுப்பு ஆ பிரிவில் ஒரு பெண் நாலு நிமிடத்தில் யாளியைப் பிடித்துவிட்டாள். கல்வெட்டை இன்னும் ஒருவரும் பிடிக்கவில்லை.