சுடுகளத்துக்கு மின்னணுக் காதடைப்பான்: யாருக்குத் தேவை, எதைப் பார்த்து வாங்குவது

துப்பாக்கி சுடும் பயிற்சிக்கென்று விற்கப்படும் காதடைப்பான்களில், காதுக்குள் செருகும் மின்னணு வகையைப் பற்றிச் சேலத்திலும் இப்போது பலர் விசாரிக்கிறார்கள். காரணம் எளிதில் விளங்கக் கூடியது. காதை முழுவதும் கவிழ்ந்து மூடும் பழைய இயர் மஃப், சித்திரை வெயிலில் உள்ளே வியர்வையைத் தேக்குகிறது; ரைபிள் கட்டையில் கன்னத்தைப் பதிக்கும்போது இடிக்கிறது; கண்ணாடி அணிந்தவருக்கு, அதன் கால் நுழையும் இடத்தில் சந்து விட்டுவிடுகிறது. இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லாமல், பக்கத்தில் பேசுவது கேட்க வேண்டும், வெடியொலி மட்டும் அடங்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் நல்ல இறக்குமதிப் பொருளின் விலை ஐந்து இலக்கத்தில் நிற்பதால், என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. களத்தில் நின்று பிறர் பேசுவதைக் கேட்டாக வேண்டிய பயிற்றுநருக்கும், சுடும் வரிசைக்குக் கட்டளையிடும் ரேஞ்ச் ஆபீசருக்கும் இது கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள். போட்டிக்குத் தயாராகும் வீரருக்கு வேண்டாத செலவு. 12 போர் துப்பாக்கியோ (சிதறு குண்டு சுடும் ஷாட்கன்) பெரிய ரைபிளோ சுடுபவருக்கு இது மட்டும் போதாது.

“சார், எல்லாமே கேட்குதே, அப்புறம் இது எப்படிக் காதைக் காப்பாத்தும்?” என்று, முதல் முறை மாட்டிப் பார்த்த கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். வாங்கப் போகிறவர் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி அது. காதைக் காப்பது மின்னணுப் பகுதி அன்று. துளையை அடைத்து நிற்கும் நுரை அல்லது சிலிகோன் முனைதான். அந்த அடைப்பால் நாம் இழந்துவிட்ட மெல்லிய ஒலிகளை, வெளிப்புறத்தில் உள்ள மைக்ரோபோன் வாங்கி, உள்ளே இருக்கும் சிறு ஒலிபெருக்கி வழியாக அளவோடு திருப்பித் தருகிறது. வெடியொலி வரும்போது அந்த வழியைச் சுருக்கிக்கொள்கிறது அல்லது மூடிவிடுகிறது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் “மில்லி விநாடியில் செயல்படும்” என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. வெடியொலியின் உச்சம் ஏறக்குறைய ஒரு மில்லி விநாடிக்குள்ளேயே வந்து போய்விடும்; ஆனாலும் கெடுதல் நேராததற்குக் காரணம், அந்தக் குட்டி ஒலிபெருக்கியால் அவ்வளவு பெரிய ஒலியை எழுப்பவே இயலாது என்பதும், அதன் வெளியீட்டைத் தயாரிப்பாளர் ஒரு வரம்பில் கட்டி வைத்திருக்கிறார் என்பதும்தான். இயர் மஃப் வகையில் பெயர் பெற்ற ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட்டில் அந்த வரம்பு 82 டெசிபெல்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது முனை. ஒரே மனிதரின் இரண்டு காதுகளுக்குமே வெவ்வேறு அளவு தேவைப்படலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் பெண்கள் பலருக்கும் நடுத்தர அளவு முனைகூடப் பெரிதாகவே இருக்கும். நுரை முனை என்றால் அதை விரல்களால் மெல்லியதாக உருட்டி, எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்திய பின் அரை நிமிடமாவது அப்படியே அழுத்தி வைத்திருக்க வேண்டும். சரியாகப் பொருந்தியதா என்பதைச் சோதிக்க மின்னணுப் பகுதியை அணைத்துவிட்டுப் பேசிப் பார்க்க வேண்டும். நம் குரல் நமக்கே தலைக்குள் முழங்கினால் அடைப்பு நிற்கிறது என்று கொள்ளலாம். இரு கைகளாலும் காதுகளைப் பொத்திப் பொத்தி எடுக்கும்போது சுற்றுப்புற ஒலி பெரிதாகக் கூடிக் குறைந்தால், எங்கோ சந்து இருக்கிறது. பலரும் கருவியை இயக்கிவிட்டு, எல்லாம் தெளிவாகக் கேட்பதில் மகிழ்ந்து, இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை.

இங்கே சேலத்து வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தகரக் கூரை போட்ட சுடும் வரிசையில் ஏப்ரல், மே மாத முற்பகலில் நின்றால், மூன்று அடுக்குக் குடை போன்ற சிலிகோன் முனை வியர்வையில் வழுக்கி, நாம் அறியாமலே மெல்ல வெளியே நகர்கிறது. நுரை முனை நகர்வது குறைவு. ஆனால் வியர்வையும் காதழுக்கும் ஏறி விறைத்துப்போகும். உருட்டினால் மெலியாமல், விட்டால் விரியாமல் போகும்போது அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். கோடையில் நான் நுரையைத்தான் விரும்புகிறேன். அதற்கான தொடர்செலவை ஏற்றுக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

அடுத்தது எண்கள். .22 ரைபிளின் ஒலி சுடுபவரின் காதருகே ஏறத்தாழ 140 டெசிபெல் உச்சத்தைத் தொடுகிறது. குழல் குட்டையான கைத்துப்பாக்கி அதைத் தாண்டுகிறது. 12 போர் 150-க்கு மேலே செல்கிறது. பெரிய ரைபிள்கள் 160-ஐ ஒட்டி நிற்கின்றன. டெசிபெல் கணக்கில் 20 கூடினால் ஒலியழுத்தம் பத்து மடங்காகிறது என்பதை நினைவில் வைத்தால் இந்த வேறுபாடு சிறியதன்று என்பது விளங்கும். வெறுங்காதில் படக்கூடாத உச்சம் என்று தொழிற்பாதுகாப்பு விதிகள் பொதுவாகக் கொள்வதும் 140 தான். நம் நாட்டில் பட்டாசுக்கு வைத்திருக்கும் வரம்பு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 145 டெசிபெல் உச்சம்; சுடுபவரின் காதோ குழல்வாயிலிருந்து ஒரு மீட்டரை ஒட்டிய தொலைவில் இருக்கிறது.

பெட்டியில் என்ஆர்ஆர் என்று அச்சிட்டிருப்பது அமெரிக்க முறைப்படியான ஒலித்தடுப்பு மதிப்பு. அது ஆய்வகத்தில், பயிற்சி பெற்ற கையால் பொருத்தி, தொடர்ந்து ஒலிக்கும் இரைச்சலில் அளந்தது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறையின் எச்சரிக்கையான கணக்கு அதில் 7-ஐக் கழித்து மீதியைப் பாதியாக்கச் சொல்கிறது. அதன்படி 25 என்று அச்சிட்ட பொருள் 9 ஆகிவிடும். வெடியொலிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மை. நன்றாகப் பொருத்திய அடைப்பான் இதைவிடக் கூடுதலாகவே தடுக்கும், அரைகுறையாகச் செருகியது இந்த ஒன்பதைக்கூடத் தராது. ஐரோப்பியப் பொருள்களில் எஸ்என்ஆர் என்ற வேறு மதிப்பு இருக்கும்; அது பெரும்பாலும் என்ஆர்ஆரைவிடச் சில எண்கள் கூடுதலாகவே வரும் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. இரண்டுமே அச்சிடப்படாத பொருளைப் பாதுகாப்புச் சாதனம் என்று நான் எண்ணுவதே இல்லை. பாட்டுக் கேட்க வாங்கிய இரைச்சல் நீக்கும் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு களத்துக்கு வரும் இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறேன். அந்த நுட்பம் விமானத்திலும் பேருந்திலும் இடையறாது வரும் தாழ்ந்த இரைச்சலுக்கானது, திடீரென வெடிக்கும் ஒலிக்கானதன்று.

மின்னணுப் பகுதியில் தரம் பிரிவது ஓரிடத்தில்தான். மலிவான கருவி வெடியொலி வந்தவுடன் எல்லா ஒலியையும் வெட்டிவிட்டு, சிறிது நேரம் கழித்துத் திறக்கிறது. வரிசையில் ஆறேழு பேர் மாறி மாறிச் சுடும்போது, வெட்டிய வழி திறப்பதற்குள் அடுத்த வெடி வந்துவிட, “ஸ்டாப்” என்ற கட்டளை அந்த ஓட்டைக்குள் விழுந்து காணாமல் போகிறது. கூரை போட்ட வரிசையில் எதிரொலி சேர்வதால் இந்த வெட்டு இன்னும் நீள்கிறது. இணையவழியில் வாங்கிய ஒரு மலிவுக் கருவியில் இதை நானே கண்டேன். அதை ரேஞ்ச் ஆபீசர் அணிந்திருந்தால், அவர் எதைக் கேட்க வேண்டும் என்று வாங்கினோமோ அதையே இழந்திருப்பார். நல்ல கருவி வெட்டுவதில்லை. பெரிய ஒலியை அமுக்கி, அதனூடே பேச்சைத் தொடர்ந்து விடுகிறது. வாங்கும்போது விற்பவரிடம் இந்த ஒன்றையாவது கேட்டுத் தெளிய வேண்டும். கைதட்டிச் சோதித்துப் பார்ப்பதும் உதவும்: ஒருவர் பேசிக்கொண்டிருக்க, இன்னொருவர் அருகில் விடாமல் பலமாகத் தட்டினால், பேச்சு துண்டு துண்டாகிறதா என்பது கடையிலேயே தெரிந்துவிடும்.

போட்டி வீரர்களுக்கு ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கு வருகிறேன். உலகத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகளின்படி, ஒலியைப் பெருக்கும் அல்லது அலைவரிசையைப் பெறும் எந்தக் காதடைப்பானையும் வீரர்கள் களத்தில் அணியக் கூடாது. களத்து அதிகாரிகள் அணியலாம். செவித்திறன் குறைந்த வீரர் தனியே ஒப்புதல் பெற்று அணியலாம். மாவட்டப் போட்டியில் யாரும் உற்றுப் பார்க்காமல் விட்டாலும், மேலே செல்லச் செல்ல இது தடையாகும். அதைவிட முக்கியம், சுற்றியுள்ள அரவம் எல்லாம் கேட்டபடி பழகிய ஒருவர், போட்டியன்று திடீரென மூடிய காதோடு நிற்கும்போது மனம் வேறு விதமாக நடந்துகொள்கிறது. போட்டியில் எதை அணிவாரோ அதையே பயிற்சியிலும் அணிவதுதான் முறை. சாதாரண நுரை அடைப்பான், எடுத்துக்காட்டாக என்ஆர்ஆர் 29 கொண்ட 3எம் 1100, ஒரு தேநீரின் விலையோடு ஒப்பிடத்தக்க செலவில் கிடைக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் கீழே சொல்லப்போகும் மின்னணுக் கருவிகளைவிட அது கூடுதலாகவே தடுக்கிறது. சற்றுச் செலவு செய்ய முடிந்தவர், செவித்திறன் மையத்தில் காதின் அச்செடுத்துத் தனக்கென வார்த்த அடைப்பானைச் செய்துகொள்ளலாம். ஏர் ரைபிள் மட்டும் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எதுவும் வாங்க ஓட வேண்டாம்; அங்கே நுரை அடைப்பான் தாராளம்.

ஏற்காட்டில் காப்பி, மிளகுத் தோட்டங்களில் உரிமத்தோடு 12 போர் வைத்திருப்பவர்கள் நிலை வேறு. அவர்களுக்குக் காட்டுமாடு கிளையை ஒடிப்பதும் கேட்க வேண்டும், கூட வரும் ஆளின் குரலும் கேட்க வேண்டும். ஆகவே மின்னணு வகை பொருத்தம்தான். ஆனால் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். மலைமேல் காற்று வீசும்போது மைக்ரோபோன் காற்றையே பெரிதாக்கிக் காதுக்குள் இரைச்சலாகத் தருகிறது. காற்றுத் தடுப்பு அமைப்புள்ள கருவியிலும் இது குறையுமே தவிர முற்றும் நீங்குவதில்லை. ஒலி எந்தத் திசையிலிருந்து, குறிப்பாக முன்னாலிருந்தா பின்னாலிருந்தா வருகிறது என்பதை, வெறுங்காது காட்டும் அளவுக்கு எந்தக் கருவியும் காட்டுவதில்லை. 12 போரின் ஒலிக்கு என் பரிந்துரை, உள்ளே நுரை அடைப்பான், அதன் மேல் மின்னணு இயர் மஃப். மஃபின் ஒலியைக் கூட்டி வைத்தால் நுரையைத் தாண்டியும் பேச்சு கேட்கும். இரண்டின் எண்களையும் கூட்டி 50 என்று மகிழக் கூடாது. இரண்டாவது அடுக்கு ஏறத்தாழ 5 டெசிபெல் மட்டுமே கூடுதலாகத் தரும் என்பதே வழக்கமான கணக்கு. ஆனால் அந்த ஐந்துக்கும் மதிப்புண்டு. இந்த இணையின் மொத்தச் செலவும் காதுக்குள் செருகும் நல்ல மின்னணுக் கருவியின் விலையைவிடக் குறைவு.

வலக்கைப் பழக்கத்தில் ரைபிள் சுடுபவருக்கு இடக்காதே குழல்வாயை நோக்கி நிற்கிறது. வலக்காதுக்குத் தலையே ஓரளவு மறைப்பாகிறது. ஆகவே இரண்டில் ஒன்று தளர்வாகப் பொருந்தும் கருவி என்றால் அது இடக்காதில் தளரக் கூடாது. பழைய சுடுநர்கள் பலர் உரையாடும்போது இடப்பக்கம் அமர்ந்தவரைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

சந்தையில் உள்ளவற்றில், எடிமோட்டிக் நிறுவனத்தின் கன்ஸ்போர்ட் ப்ரோவும், ஐசோட்யூன்ஸ் ஸ்போர்ட் கேலிபரும் என்ஆர்ஆர் 25 கொண்டவை. 3எம் பெல்டரின் இஇபி-100-இல் அது 23. முதலாவது, காது கேட்கும் கருவியில் போடும் 10 எண் துத்தநாகக் காற்று மின்கலத்தில் இயங்குகிறது. மஞ்சள் ஒட்டுத்தாளோடு வரும் அந்த மின்கலம் செவிக்கருவி விற்கும் கடைகளில் கிடைக்கும் என்பது ஊர்ப்பக்கம் இருப்பவருக்குப் பெரிய வசதி. ஒட்டுத்தாளை உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் அது தானே தீர்ந்துபோகும் என்பது அதன் குறை. மற்ற இரண்டும் பெட்டியில் வைத்து மின்னேற்றும் வகை; மின்கலம் தளர்ந்த பிறகு மாற்றுவது எளிதன்று. கருவியில் புளூடூத் இருந்தால், சுடும் வரிசையில் அது அணைந்தே இருக்க வேண்டும். பயிற்றுநருக்கு நான் சொல்வது எளிமையான கன்ஸ்போர்ட் ப்ரோ. நாள் முழுதும் களத்தில் நின்று, தூசியிலும் தூறலிலும் வேலை பார்க்கும் ரேஞ்ச் ஆபீசர் பெல்டரைப் பார்க்கலாம், விலை கடிக்கும். மின்கலம் நடுவில் தீர்ந்தாலும் அடைப்பு நிற்கும்வரை காது பாதுகாப்பாகவே இருக்கிறது, பேச்சு மட்டும்தான் கேட்காமல் போகிறது. ஆகையால் மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை நான் பெரிய அளவுகோலாக வைப்பதில்லை.

காதில் சீழ் வடிபவர், செவிப்பறையில் துளை உள்ளவர், மழைக்காலத்தில் பூஞ்சைத் தொற்று வந்து போகிறவர் எவரும் மருத்துவரைக் கேட்காமல் உள்ளே செருகும் எதையும் வாங்கக் கூடாது. அவர்களுக்கு இயர் மஃப்தான். மற்றவர்கள், பணம் கட்டுவதற்கு முன் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதையும், மாற்று முனைகள் தனியாக இங்கே கிடைக்குமா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். முனை கிடைக்காத கருவியை, பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.