டீசல் பர்னர் வாங்கப் போகிற பேக்கரிக்காரர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள் (என் 86,000 ரூபாய் போய்விட்டது)

86,000 ரூபாய். முதலிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறேன், நாலு நாளாகத் தூங்க விடாமல் இதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பேக்கரி நடத்துகிறேன். பன், ரஸ்க், பப்ஸ், தேங்காய் பன், டிசம்பர் வந்தால் கேக். இருப்பது ஒரே ஒரு ரோட்டரி ஓவன், டிரே அடுக்கிய ரேக் உள்ளே சுற்றுகிற வகை, டீசலில் ஓடுவது. அதற்குப் பர்னர் மாற்றப் போய்த்தான் இந்த 86,000 போனது. பணம் மட்டும் போயிருந்தால் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். போன சனிக்கிழமை விடிகாலை எங்கள் மாஸ்டருக்குப் புருவமும் முன்நெற்றி முடியும் கருகிப் போனது. அவர் அரை அடி குனிந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. பர்னரை எப்படிப் பாதுகாப்பாக மாட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், அதற்கு முன் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

இந்த ஓவனைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். ஓவனின் பின்பக்கம் பர்னர் இருக்கும். ஒரே மோட்டார் காற்றாடியையும் டீசல் பம்பையும் சேர்த்துச் சுற்றும். பம்ப் டீசலை 10, 12 கிலோ அழுத்தத்தில் நாசிலுக்குத் தள்ளும், நாசில் அதைப் பனி மாதிரித் தெளிக்கும், இரண்டு எலக்ட்ரோடுக்கு நடுவில் பொறி அடித்துப் பற்றிக்கொள்ளும். தீ சேம்பர் என்கிற மூடிய எரி அறைக்குள் மட்டும்தான் எரியும், புகை சிம்னி வழியாக மேலே போய்விடும், சேம்பருக்கு வெளியே இருக்கும் சூட்டை மட்டும் ஃபேன் ரேக்கைச் சுற்றி அனுப்பும். ரொட்டியில் புகை படவே கூடாது. தீ பிடித்ததா இல்லையா என்று பார்க்க ஃபோட்டோசெல் என்று ஒரு கண் இருக்கிறது. தீ தெரியவில்லை என்றால் சில வினாடிகளில் டீசலை நிறுத்திவிட்டு சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். அந்தச் சிவப்பு விளக்கு இருக்கும் பொத்தான்தான் ரீசெட். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பழைய பர்னருக்கு ஒன்பது வயது. நவம்பரில் கொஞ்சம் புகைய ஆரம்பித்தது, பன்னுக்கு நிறம் ஏற நேரம் பிடித்தது, வாரத்தில் இரண்டு தடவை சிவப்பு விளக்கு வந்தது. ஊரில் மோட்டார் வேலை பார்க்கிறவர் திறந்துகூடப் பார்க்காமல் "ஆயுசு முடிஞ்சுதுங்க, வேற மாத்திக்குங்க" என்றார். புத்தாண்டுக் கேக் ஆர்டர் தலைக்கு மேல் இருந்த நேரம். சரி, மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

பழைய மெஷின், புது மெஷின் எல்லாம் விற்கிற ஒரு செயலி. பெயர் எழுத வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் எழுதவில்லை. அதில் "இத்தாலி பர்னர், புத்தம் புதிது, பெட்டி மட்டும் இல்லை, 72,000" என்று ஒரு விளம்பரம். விற்கிறவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், சரிபார்த்த ஆளாம். யார் சரிபார்த்தார்கள், என்னத்தைச் சரிபார்த்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் பதில் இல்லை.

ராத்திரி கடை அடைத்த பிறகு போன் பண்ணினேன். நல்ல பேச்சு. எத்தனை டிரே ஓவன், சிம்னி எத்தனை அடி, டீசல் பேரல் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவராகவே கேட்டார், தெரிந்த ஆள்தான் என்று எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் சொன்னார், "அக்கா, எங்க அம்மாவும் சந்தைல இட்லிக்கடை வெச்சுத்தான் எங்களப் படிக்க வெச்சாங்க. அடுப்புல நிக்கறவங்க காசு எப்பிடிப்பட்ட காசுன்னு எனக்குத் தெரியுங்க்கா." அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். உடனே வீடியோ கால் போட்டு, குடோனில் ஒரு இரும்பு ஸ்டாண்டில் மாட்டியிருந்த பர்னரைக் காட்டினார். சுவிட்ச் போட்டதும் காற்றாடி சுற்றி, கொஞ்ச நேரத்தில் ஒரு முழ நீளத்துக்கு மஞ்சளாகத் தீ நாக்கு வெளியே வந்தது. "அடிச்சதும் பிடிக்குது பாருங்க்கா." என் மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். இராத்திரி 9.40க்கு 22,000 அட்வான்ஸ் அனுப்பினேன். மறுநாள் பார்சல் சர்வீஸ் எல்.ஆர். காப்பி, அதாவது லாரியில் சரக்கு ஏற்றிய ரசீது, வந்ததும் மீதி 50,000. ஜி.எஸ்.டி. பில் மெயிலில் வரும் என்றார். இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

பர்னர் வந்து சாக்கைப் பிரித்தபோது பெயின்ட் வாடை அடித்தது. திருகுத் தலையின் பள்ளத்துக்குள்ளேயும் பெயின்ட் இறங்கியிருந்தது. புதுப் பொருளில் திருகுக்கு மேல் ஏன் பெயின்ட் என்று கேட்டேன், கேட்கத்தான் செய்தேன். "கப்பல்ல வர்றப்ப உப்புக்காத்துல துருப்பிடிக்கக் கூடாதுன்னு ஒரு கோட் அடிப்பாங்க்கா" என்றார். பதில் தயாராக இருந்தது.

மாட்டுவதற்கும் அவரே ஆள் அனுப்பினார், 14,000 தனி. 72,000மும் 14,000மும் சேர்த்தால் 86,000. மதியம் இரண்டரைக்கு வந்த ஆள் நாலு மணிக்கு வண்டி ஏறிவிட்டார். நாசிலைக் கழற்றி அளவு பார்க்கவில்லை. பம்பில் பிரஷர் கேஜ் மாட்டவில்லை. சிம்னியில் எந்த மீட்டரும் விடவில்லை. டீசல் லைன் மரையில் எல்லாம் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றி முறுக்கினார், தீயைப் பார்க்கும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார், "சூப்பரா எரியுதுங்க" என்றார். போகும்போது எங்கள் பசங்களைக் கூப்பிட்டு, "சிவப்பு லைட் வந்தா இத அமுக்குங்க, எரியலீன்னா மறுக்கா அமுக்குங்க" என்று சொல்லிக் கொடுத்தார். இந்த ஒரு வரிக்காகவே அவரை விடக் கூடாது என்று இருக்கிறது எனக்கு.

அடுத்த நாளே சிம்னியில் கறுப்புப் புகை. பக்கத்து வீட்டு மாடியில் காயப் போட்ட துணி எல்லாம் கரி. தினம் 35 லிட்டர் குடித்த ஓவன் 50 லிட்டரைத் தாண்டியது, அப்போது லிட்டர் 92 ரூபாய் சொச்சம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாலாம் நாள் பர்னருக்கு அடியில் டீசல் சொட்ட ஆரம்பித்தது, பழைய கேக் டிரே ஒன்றை அடியில் வைத்தோம். போன் பண்ணினால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். "புதுசுல கொஞ்சம் கசியும், செட் ஆயிரும்க்கா." "உங்க டீசல்ல தண்ணி இருக்கு." "உங்க ஊர்ல வோல்டேஜ் கம்மி." "மாஸ்டருக்கு ஓட்டத் தெரியலைங்க்கா." கடைசியில் "வீட்டுக்காரரப் பேசச் சொல்லுங்க, உங்களுக்கு டெக்னிக்கலாச் சொன்னாப் புரியாது." பேக்கரி என்னுடையது, லைசென்ஸ் என் பேரில், பணம் அனுப்பியது என் போனிலிருந்து. 22,000 வாங்கும்போது வீட்டுக்காரரைக் கேட்கவில்லையே, 50,000 வாங்கும்போது கேட்கவில்லையே!

சனிக்கிழமை விடிகாலை மூன்றரை மணி. கேக் மாவு அடித்து டின்களில் ஊற்றி ரேக்கில் ஏற்றியாகிவிட்டது, ஓவன் பற்றவில்லை. சிவப்பு விளக்கு. கேக் மாவு காத்திருக்காது என்று பேக்கரியில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும், பையன் பதறிப்போய் அமுக்கினான். பற்றவில்லை. திரும்ப அமுக்கினான். சொல்லிக் கொடுத்தபடியே ஐந்தாறு தடவை. ஒவ்வொரு அமுக்கலுக்கும் சில வினாடி டீசல் உள்ளே தெளித்து, எரியாமல் சேம்பருக்குள் தேங்கி, ஆவியாகி நிற்கும். கடைசித் தடவை பொறி பிடித்தது. மாஸ்டர் பின்பக்கம் போய் என்ன என்று பார்க்கத் திரும்பிய அதே நேரத்தில் டமார் என்று ஒரு சத்தம், பார்க்கும் கண்ணாடி தெறித்து எதிர்ச் சுவரில் அடித்தது, பர்னர் அதன் பிளேட்டிலிருந்து பிய்ந்து சாய்ந்தது, சிம்னி மூடி தெருவில் கிடந்தது. மாஸ்டரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. சாமிக்கு நன்றி சொல்வதா, யாரை ஏசுவதா என்று தெரியாமல் அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று காலையே விற்றவருக்குப் போன். "அத்தனை தடவ ரீசெட் அமுக்குனா வெடிக்கத்தாங்க்கா செய்யும், மேனுவல்லயே இருக்குது." மேனுவல் என்று ஒரு காகிதம்கூட அவர் கொடுக்கவில்லை. மாட்டிய ஆள், "நான் மாட்டறதுக்குத்தான் வந்தேன், மெஷினுக்கு நான் கேரண்டி இல்லீங்க." செயலியில் புகார் போட்டேன், படம் எல்லாம் ஏற்றி. இரண்டாம் நாள் பதில்: வாங்குபவரும் விற்பவரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளவும், உங்கள் புகார் முடிக்கப்பட்டது. என் 86,000 எங்கேயும் முடியவில்லை, அவர்கள் புகாரை முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து விற்றவர் என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டார்.

திங்கட்கிழமை பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறை பாய்லர்களுக்கு வேலை பார்க்கிற ஒரு பெரியவரைக் கூட்டிவந்தோம். வந்ததும் பர்னரைப் பற்ற வைக்கவே இல்லை, கழற்றினார். நாசிலைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஆறு பட்டையில் ஒரு பட்டையில் பொடி எழுத்தில் 2.50, அடுத்து 80 டிகிரி. எங்கள் பழைய பர்னரின் நாசிலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார், 1.50, 60 டிகிரி. 2.50 என்பது 7 கிலோ அழுத்தத்தில் மணிக்கு இத்தனை அமெரிக்க கேலன் என்று கணக்கு. பம்ப் 12 கிலோவில் தள்ளினால் 1.50 நாசிலில் மணிக்கு ஏழரை லிட்டர் போகும், இதில் பன்னிரண்டரை. "எங்கீங்க அம்மிணி இவ்வளவு டீசலுக்குக் காத்து? அதான் கரி" என்றார். தெளிக்கிற கோணமும் அகலம், எங்களுடையது ஒடுக்கமான சேம்பர், தீ பக்கவாட்டில் அடித்து அங்கங்கே கரி கட்டி கட்டியாகப் பிடித்திருந்தது. எலக்ட்ரோடின் பீங்கானில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல், பொறி முனையில் அடிக்காமல் அந்த வழியாகப் பர்னரின் இரும்பு உடம்புக்குப் பாய்ந்திருக்கிறது, அதனால்தான் சில நேரம் பற்றும், சில நேரம் பற்றாது. பம்ப் இரண்டு லைனுக்கு, அதாவது ஒன்று போக ஒன்று திரும்ப, செட் பண்ணியது. மாட்டிய ஆள் உள்ளே இருக்கிற பைபாஸ் திருகைக் கழற்றாமல் ஒரே லைன் கொடுத்திருக்கிறார், அழுத்தம் தாங்காமல் ஷாஃப்ட் சீல், அதாவது பம்ப் தண்டைச் சுற்றிக் கசியாமல் அடைக்கிற வளையம், போய்விட்டது, சொட்டியது அதுதான். பம்ப் வலையைத் தூக்கிக் காட்டினார், டெஃப்லான் டேப் நூல் நூலாகச் சுற்றியிருந்தது. பெயர்த் தகட்டைத் தூக்கினால் அதற்கடியில் வேறு தகடு இருந்த ரிவெட் ஓட்டைகள்.

அப்புறம் அவர் செய்ததைக் கேளுங்கள். மூலையில் போட்டிருந்த எங்கள் பழைய பர்னரைச் சுத்தம் செய்தார். புது நாசில், புது எலக்ட்ரோடு, டீசல் ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய். டார்ச் அடித்து சேம்பரில் விரிசல் இல்லை என்று பார்த்த பிறகுதான் மாட்டினார். கேஜ் போட்டு அழுத்தம் வைத்தார், சிம்னியில் ஓட்டை போட்டு மீட்டர் விட்டுக் டீசலுக்குச் சரியான காற்று கிடைக்கும்படி திருகித் திருகி, புகையில் கார்பன் டை ஆக்சைடை பதினொன்றரை சதவீதத்துக்குக் கொண்டுவந்தார். புகையில் கரி இருக்கிறதா என்று பார்க்கச் சின்னக் கைப்பம்பில் வெள்ளைத் தாளைச் சொருகிப் பத்துத் தடவை இழுத்தார், தாளில் லேசாகச் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வட்டம், அவ்வளவுதான். 3,800 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியதற்கு 86,000 கொடுத்திருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், நேரம் இல்லை, நாலு நாள் ஆர்டர் பாக்கி நிற்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சிவப்பு விளக்கு வந்தால் ஒரே ஒரு தடவை ரீசெட், அதிலும் பற்றவில்லை என்றால் டீசல் வால்வை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், இதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், ராத்திரி ஷிஃப்ட் பசங்களுக்கு வாயாலும் சொல்லுங்கள். வீடியோவில் எரிகிற தீயை நம்பாதீர்கள், திறந்த வெளியில் எந்தப் பர்னரும் எரியும், உங்கள் ஓவனில் மாட்டி மீட்டர் வைத்து அளந்தால்தான் கணக்கு. மீட்டர் இல்லாமல் வருகிற ஆளிடம் மாட்டக் கொடுக்காதீர்கள். டீசல் லைனில் டெஃப்லான் டேப் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை நாசில் மாற்றுங்கள், ஃபில்டரும்தான். பில் கைக்கு வராமல் மீதிப் பணம் அனுப்பாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் பதிவு செய்துவிட்டேன். வியாபாரத்துக்கு வாங்கியது என்று தட்டிக் கழிக்கப் பார்ப்பார்கள், சொந்தப் பிழைப்புக்காக சுயதொழில் செய்கிறவர்கள் வாங்கியது 2019ஆம் வருஷச் சட்டத்தில் நுகர்வோர் கணக்கில்தான் வரும் என்று வக்கீல் சொன்னார்.

இன்று காலை தங்கை போனில் அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். அதே இரும்பு ஸ்டாண்ட், பின்னால் அதே நீலத் தார்ப்பாய், "இத்தாலி பர்னர், புத்தம் புதிது, பெட்டி மட்டும் இல்லை", இப்போது 68,000. பச்சை டிக் அப்படியே இருக்கிறது. கீழே இரண்டு பேர் கடைசி விலை என்ன என்று கேட்டிருக்கிறார்கள், ஒருவர் சத்தியமங்கலம் என்று போட்டிருக்கிறார். அவர்களுக்கு இது போய்ச் சேர வேண்டும். பேக்கரி, சாயப்பட்டறை, கல்யாண மண்டபச் சமையல் குரூப் எதில் இருந்தாலும் தயவுசெய்து இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.