சபையில் கேட்பதா, வீட்டுக்குப் போய்க் கேட்பதா?

காணிக்கைக் கணக்கை ஒரு தம்பி தப்பாக எழுதிவிட்டார், என்ன செய்வோம்? ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டுவிடலாம். சீக்கிரம் முடியும், கேட்டவருக்கு நேர்மையானவர் என்ற பெயரும் வரும். அந்தப் பெயர்தான் எனக்குப் பயம்.

ராயபுரத்தில் நானே ஒரு தம்பியை அப்படிக் கேட்டிருக்கிறேன். கணக்கு அன்றைக்கே சரியானது, ஆனால் அவர் பாட்டுப் புத்தகத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தபடி நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது, அப்புறம் இரண்டு மாதம் சபைப் பக்கமே வரவில்லை.

இன்னொரு வழி பைபிளில் மத்தேயு 18:15-17 சொல்வது. முதலில் தனியாகப் பேச வேண்டும், கேட்காவிட்டால் ஓரிருவரோடு போக வேண்டும், சபைக்குச் சொல்வது அதற்கும் பிறகுதான். நேரம் பிடிக்கும். காசிமேட்டில் விடியற்காலையிலேயே வேலைக்குப் போகிறவரை மத்தியானத் தூக்கத்தில் எழுப்ப முடியுமா? சாயங்காலம் வரை காத்திருக்கும்போதே நம் கோபம் பாதி இறங்கிவிடும். சாந்தமாகத் திருத்து, நீயும் சோதனையில் விழாதபடி பார்த்துக்கொள் என்றுதான் கலாத்தியர் 6:1-ம் சொல்கிறது.

பிள்ளைகளுக்குக் கெடுதல், பண மோசடி என்றால் வேறு விஷயம், அதை நாலு சுவருக்குள் மூடவே கூடாது. சபையை நடத்தும் மூப்பரே பாவம் செய்தால் எல்லார் முன்னும் கண்டிக்கச் சொல்கிறது 1 தீமோத்தேயு 5:20.

மற்றபடி என் ஓட்டு வீட்டுக்குப் போவதற்குத்தான். அந்தத் தம்பி வீட்டுக்கும் கடைசியில் போனேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் அம்மா எதுவும் பேசாமல் டீ போட்டுக் கொடுத்தார்.