அட்டையில் மிஞ்சிய ஒரு மாத்திரை: பராமரிப்புப் பணியில் மூன்று தலைமை முறைகள்

விடியற்காலை ஐந்து மணி. ஒரு பராமரிப்பு இல்லத்தில் நைட் ஷிஃப்ட் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. காலை மருந்துகளை எடுத்துவைக்க அலமாரியைத் திறக்கிறார் பராமரிப்பாளர். ஒரு பெரியவரின் மாத்திரை அட்டையில் நேற்றிரவு எட்டு மணி மாத்திரை பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. சார்ட்டைப் புரட்டினால், கொடுத்தாகிவிட்டது என்று அவருடைய கையெழுத்தே இருக்கிறது. நடந்தது மெல்ல நினைவுக்கு வருகிறது. கையெழுத்துப் போட்ட நொடியில் எதிர் அறையில் மணி அடித்தது. ஓடினார். கட்டிலிலிருந்து சரியப்போன ஒருவரைப் பிடித்து உட்காரவைத்தார். அப்புறம் அப்படியே அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மாத்திரையைப் பிரித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பொறுப்பில் இருப்பவரை எழுப்பிச் சொன்னால் பெரியவரின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கலாம், மருத்துவரைக் கேட்கலாம். அவர் எதைச் செய்வார் என்பது அவருடைய நேர்மையைப் பொறுத்தது என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த முடிவில் பாதிக்கு மேல் அந்த இல்லத்தின் தலைமை முன்பே எடுத்துவைத்துவிட்டது. போன மாதம் இதேபோல் வந்து சொன்ன சக ஊழியருக்கு என்ன நேர்ந்தது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

முதியோர், உடல் ஊனமுற்றோர், அறிவுசார் குறைபாடு உள்ளோர் ஆகியோருக்கான பராமரிப்பு அமைப்புகளை எப்படி நடத்துவது என்பதில் இன்று மூன்று வழிகள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. மூன்றையும் அந்த மாத்திரையை வைத்தே அளந்து பார்க்கிறேன். கெட்ட செய்தி எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது? கொண்டுவந்தவருக்கு என்ன ஆகிறது?

அடுக்கு நிர்வாகம்

முதலாவது நமக்குப் பழகியது. பராமரிப்பாளருக்கு மேலே சீனியர், அவருக்கு மேலே துணை மேலாளர், மேலாளர், வட்டார மேலாளர், தலைமை அலுவலகம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு ஆடிட்.

இதை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிட முடியாது. நேற்றுச் சேர்ந்த ஆளுக்கு யாரிடம் கேட்பது என்று தெரியும். தீ விபத்தோ தொற்றோ வந்தால் ஒரே குரலில் உத்தரவு கிடைக்கும். சட்டம் ஒரு பெயரைக் கேட்டால் கொடுக்க ஒரு பெயர் இருக்கும். இங்கிலாந்தில் பராமரிப்பு அமைப்புகளைச் சோதிக்கும் பராமரிப்புத் தர ஆணையம் ஐந்து கேள்விகளை வைத்து மதிப்பிடுகிறது. பாதுகாப்பாக இருக்கிறதா, பலன் தருகிறதா, கனிவு இருக்கிறதா, தேவைக்கு ஏற்ப நடக்கிறதா, தலைமை நன்றாக இருக்கிறதா என்பவை அவை. இதற்கெல்லாம் பதில் சொல்ல ஒருவர் வேண்டும்தானே.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உளப்பகுப்பாய்வாளரான இஸபெல் மென்ஸீஸ், லண்டனின் போதனா மருத்துவமனை ஒன்றில் செவிலியர் பணியை ஆராய்ந்து 1960-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நோயும் சாவும் தரும் பதற்றத்தைத் தாங்க அந்த மருத்துவமனை ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. ஒரு செவிலியர் ஒரு நோயாளியை முழுதாகப் பார்ப்பதில்லை. பலருக்கும் சின்னச் சின்ன வேலையாகச் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார். நோயாளியைப் பெயருக்குப் பதில் படுக்கை எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிப்பிடும் பழக்கமும் இருந்தது. முடிவெடுக்கும் பாரத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதன் மூலம் மேலே மேலே தள்ளிவிட்டார்கள். யாரும் யாரோடும் நெருங்காவிட்டால் யாருக்கும் வலிக்காது என்ற கணக்கு. ஆனால் பதற்றம் குறையவில்லை, பயிற்சிக்கு வந்த பெண்கள் விட்டுப்போனார்கள். அறுபது வருடம் கழித்தும், குளியல் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே போகும் ஒருவரைப் பார்த்தால் எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அந்தப் பட்டியல் அவருக்குக் கவசம்.

இந்த அடுக்கு முற்றிலும் செவிடாகிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு விண்டர்போர்ன் வியூ சாட்சி. பிரிஸ்டல் அருகே அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்காக நடந்த தனியார் மருத்துவமனை அது. ஊழியர்கள் நோயாளிகளை அடிப்பதையும் இழிவுபடுத்துவதையும் கண்ட மூத்த செவிலியர் டெர்ரி பிரையன் 2010-ல் நிர்வாகத்துக்கு எழுதினார். ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் எழுதினார். பலனில்லை. கடைசியில் பிபிசியிடம் போனார். ரகசியக் கேமராவில் பதிவான காட்சிகள் 2011 மே மாதம் ஒளிபரப்பாயின. 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், அவர்களில் 6 பேர் சிறைக்குப் போனார்கள். அங்கே மேலாளர் இருந்தார், கொள்கை ஆவணங்கள் இருந்தன, புகார் நடைமுறையும் இருந்தது. ஒரு செய்தி படியேறிப் போகும் வழியில் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடை இழந்தது. அவ்வளவுதான் நடந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

சட்டத்தால் இதைச் சரிசெய்ய முடியாதா? ஓரளவு முடியும். நோயாளிகள் கவனிப்பின்றி விடப்பட்ட மிட் ஸ்டாஃபர்ட்ஷைர் மருத்துவமனை அவலத்தை விசாரித்த ஃபிரான்சிஸ் அறிக்கை 2013-ல் வந்த பிறகு, கடுமையான பாதிப்பை உண்டாக்கிய தவறுகளை ஒளிக்காமல் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லும் கடமை இங்கிலாந்தில் சட்டமானது. 2015 ஏப்ரல் முதல் அது சமூகப் பராமரிப்பு அமைப்புகளுக்கும் பொருந்துகிறது. நல்ல சட்டம். ஆனால் அந்தக் கடமை நிறுவனத்தின் மேல் விழுகிறது. மாத்திரை குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டால், சொல்வதற்கு நிறுவனத்திடம் எதுவும் இருக்காது.

மேலாளரே இல்லாத குழு

இரண்டாவது வழி நெதர்லாந்திலிருந்து வந்தது. யோஸ் டி பிளாக் என்ற செவிலியர் 2006-ல் பர்ட்ஸார்க் என்ற வீட்டுப் பராமரிப்பு அமைப்பைத் தொடங்கினார். பெயருக்கு அக்கம்பக்கப் பராமரிப்பு என்று பொருள். அதிகபட்சம் 12 பேர் கொண்ட குழு ஒரு வட்டாரத்தைப் பார்த்துக்கொள்ளும். குழுவுக்கு மேலாளர் கிடையாது. யார் எந்த வீட்டுக்குப் போவது, புதிதாக யாரைச் சேர்ப்பது, விடுப்பை எப்படிப் பங்கிடுவது எல்லாம் அவர்களே பேசி முடிவு செய்வார்கள். முட்டிக்கொண்டால் ஒரு பயிற்றுநர் வருவார். அவருக்கும் உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. ஒரு பயிற்றுநரிடம் 40, 50 குழுக்கள் வரை இருப்பதால் நினைத்தாலும் அவரால் மூக்கை நுழைக்க முடியாது. நான்கு பேரோடு தொடங்கியது, பத்தாயிரத்தைத் தாண்டி வளர்ந்தபோதும் தலைமை அலுவலகத்தில் சில பத்துப் பேரே இருந்தார்கள்.

இங்கே அந்த மாத்திரைக்கு ஏறப் படிகளே இல்லை. காலையில் குழு கூடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொன்னால் போதும். ஒரே ஆளை வாரக்கணக்கில் பார்ப்பதால், வழக்கத்தைவிட அவர் தளர்ந்திருந்தால் கண்ணில் படும். பராமரிப்பை முழுதாகக் கையில் கொடுத்தால் மனிதர்கள் அதை முழுதாகச் செய்வார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கும் முறை இது. இதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வருகிறது.

ஆனாலும் இதை அப்படியே தூக்கி ஒரு பராமரிப்பு இல்லத்தில் வைக்க நான் தயங்குவேன். பர்ட்ஸார்க் ஊழியர்களில் பெரும்பாலோர் முறையாகப் படித்த செவிலியர்கள். மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வந்து, வாரத்தில் பாதி இடம் ஏஜென்சி ஆட்களால் நிரம்பும் ஒரு ஷிஃப்டிடம் போய், இனி நீங்களே நிர்வகித்துக்கொள்ளுங்கள் என்பது அதிகாரம் கொடுப்பது ஆகாது. அது கைகழுவுவது.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. மேலாளருக்கு எதிராகப் புகார் சொல்வது கஷ்டம்தான். தினமும் கூடவே வேலை செய்து, தன் ஷிஃப்டை மாற்றிக்கொடுத்து, வீட்டுக் கஷ்டத்தில் தோள்கொடுத்த தோழியைப் பற்றிச் சொல்வது அதைவிடக் கஷ்டம். முறைப்படி நியமித்த தலைவர் இல்லாத குழுவில், சத்தமாகப் பேசுபவர் மெல்லத் தலைவராகிவிடுவதும் உண்டு. அவரை யாரும் நியமிக்கவில்லை என்பதால் யாராலும் நீக்கவும் முடியாது. விண்டர்போர்ன் வியூவை இப்படியும் படிக்கலாம். மேலே ஆள் பெயருக்கு மட்டும் இருந்ததால், கீழே ஒரு கூட்டம் தன் வழக்கத்தைத் தானே உருவாக்கிக்கொண்டது. வீட்டுப் பராமரிப்பில் பெரியவர் தன் வீட்டில் இருக்கிறார். மகன், மகள், அடுத்த வீட்டுக்காரர் என்று பார்க்கும் கண்கள் உண்டு. பேச முடியாதவர்கள் வாழும், கதவு மூடிய இடத்தில் அந்தக் கண்கள் கிடையாது.

சின்ன வீடு

மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அமெரிக்க முதியோர் மருத்துவர் பில் தாமஸ் முன்வைத்த கிரீன் ஹவுஸ் முறையில், முதல் வீடுகள் மிசிசிப்பி மாநிலத்தின் டூபெலோவில் 2003-ல் திறந்தன. 10 அல்லது 12 பெரியவர்களுக்கு ஒரு வீடு, ஆளுக்கொரு அறை, எல்லோரும் கூடிச் சாப்பிட ஒரே பெரிய மேசை. சமைப்பது, துவைப்பது, குளிப்பாட்டுவது எல்லாவற்றையும் ஒரே பராமரிப்பாளர்கள் செய்கிறார்கள். அவர்களுக்கு ஷாபாஸ் என்று பெயர் வைத்தார் தாமஸ். பாரசீகத்தில் அரச வல்லூறு என்று பொருள். பணியாளர் வரிசையில் கடைசியில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு பெயர் கொடுத்ததே ஒரு தலைமைச் செயல் என்பேன்.

வீட்டின் அன்றாடத்தை ஷாபாஸ் குழு நடத்துகிறது. பணி அட்டவணை போடுவது போன்ற பொறுப்புகள் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் அவர்களுக்கு மேலே வழிகாட்டி என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கு உண்மையான பொறுப்பு உண்டு. செவிலியர்கள் வெளியிலிருந்து வந்து மருத்துவத் தேவையைப் பார்ப்பார்கள். ஆகவே கெட்ட செய்திக்கு இரண்டு வாசல்கள்: பக்கத்தில் ஒரு குழு, ஒரே ஒரு படி மேலே ஒரு ஆள். செவிலியர் பழைய பழக்கத்தில் உத்தரவு போடத் தொடங்கினால் உரசல் வரும். பணமும் இடிக்கும், பழைய பெரிய கட்டடத்தை ஒரே நாளில் சின்ன வீடுகளாக்க முடியாது.

சரி, எது?

வீட்டுக்குப் போய்ச் செய்யும் பராமரிப்புக்கு, படித்த நிலையான ஊழியர்கள் இருந்தால், பர்ட்ஸார்க் வழியைத் தயங்காமல் எடுப்பேன். இல்லத்தில் வாழ்பவர்களுக்குச் சின்ன வீடு. அடுக்கு நிர்வாகம் மூன்றாவது இடத்தில்தான் வரும். ஆனால் இன்று வேலையில் இருக்கும் பெரும்பாலோருக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை. கையில் இருப்பது அந்த அடுக்குதான். அதற்குள்ளேயே ஒரு மேலாளரால் நிறையச் செய்ய முடியும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை எண்ணிப் பார்த்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது: நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே கூடுதலாகத் தவறு செய்தார்கள் என்பதைவிட, மறைக்காமல் சொன்னார்கள் என்பதே பொருத்தமான விளக்கமாகத் தெரிந்தது. 1996-ல் வெளியான அந்த ஆய்விலிருந்துதான், பயமின்றிப் பேச முடிகிற சூழல் பற்றிய அவருடைய பின்னாள் வேலை வளர்ந்தது. ஆகவே தவறுகளைக் குறிக்கும் ரெஜிஸ்டர் மாதக்கணக்கில் காலியாக இருக்கும் ஒரு இல்லத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதே காலி ரெஜிஸ்டரைக் காட்டித்தான் பல இடங்களில் பாராட்டு வாங்குகிறார்கள்.

மேலாளர் எப்போதாவது ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலை ஐந்து மணிக்கு வர வேண்டும், ஆனால் வேவு பார்க்க வரக் கூடாது. வந்ததும் கையுறை போட்டு ஒரு படுக்கையை மாற்ற உதவ வேண்டும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஊழியரோடும் தனியாக உட்கார்ந்து பேசும் நேரத்தை, ஆள் பற்றாக்குறை என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. இருப்பதிலேயே முதலில் வெட்டுப்படுவது அந்த அரைமணி நேரம்தான். போன வாரம் இறந்துபோன பெரியவரைப் பற்றி அந்தப் பராமரிப்பாளர் அழ வேண்டியிருந்தால், அதற்கு வேலை நேரத்தில் இருக்கும் ஒரே இடமும் அதுதான்.

இனி அந்த மாத்திரைக்குத் திரும்புவோம். பராமரிப்பாளர் தொலைபேசியை எடுத்துச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி "ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று வந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று வந்தால் அவர் மூச்சு விடுவார். அடுத்து, "எட்டு மணிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் மணி அடித்தது வெளியே வரும். ஒரே ஆள் மருந்தும் கொடுத்து மணிக்கும் ஓடுகிறார் என்பது வெளியே வரும். மாத்திரையை விழுங்கிய பிறகே கையெழுத்து என்ற விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மணி அடிக்கும்போது அது நிற்பதில்லை. அன்று மாலையே அட்டவணையில் ஒரு வரி சேர்க்கலாம்: எட்டு மணி மருந்துச் சுற்று முடியும்வரை மணிக்குப் போவது இன்னொருவர்.