மூன்று பந்து ஸ்பைரோமீட்டர்: நுரையீரல் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

இந்த மூச்சுப் பயிற்சிக் கருவிக்கு நான்கு ஸ்டார் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று, அதன் டியூபுக்கும் கூட வருகிற துண்டுக் காகிதத்துக்கும்.

புற்றுநோய் என்று வலது நுரையீரலின் மேல் மடலை எனக்கு எடுத்துவிட்டார்கள். பீடி, சிகரெட் வாடையே படாத வீடு எங்களுடையது. தையல் மெஷினே கதி என்று இருந்தவள் நான். விடாத இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் ஆரம்பித்து சிடி, பயாப்ஸி, பெட் ஸ்கேன் என்று போய் ஆபரேஷனில் வந்து நின்றது. வலது பக்கம் மூன்று மடல், இடது பக்கம் இரண்டு. ஒன்று போனாலும் மிச்சத்தை வைத்துக்கொண்டு நடமாடலாம் என்றார் சர்ஜன். ஊதச் சொல்லி நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். ஆறு நிமிடம் வராந்தாவில் நடக்கவிட்டார்கள். அப்புறம் ஃபிசியோதெரபி பெண் சீட்டில் எழுதிக் கொடுத்ததுதான் இந்தக் கருவி. மெடிக்கலில் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைத்தது.

கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் மூன்று அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. அறைகளின் மேல் 600, 900, 1200 என்று போட்டிருக்கும். நுரையீரல் எவ்வளவு காற்றுப் பிடிக்கும் என்பதற்கான கணக்கு இல்லை அது. நொடிக்கு அத்தனை சிசி வேகத்தில் காற்றை இழுத்தால் அந்தப் பந்து ஏறும், அவ்வளவுதான். இது தெரியாமல் எல்லோரும் மூன்றாவது பந்துக்கு ஆசைப்படுகிறார்கள். வெடுக்கென்று ஒரு இழு இழுத்தால் மூன்றும் மேலே போய் 'டக்'கென்று விழும். பார்க்கிற சொந்தக்காரர்கள் கைதட்டுவார்கள். நுரையீரலுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. "அம்மா, மெதுவா இழுங்க. ரெண்டு பந்து மேல நிக்கட்டும், மூணாவது அசையவே வேண்டாம்" என்று அந்தப் பெண் சொன்னாள். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற மாதிரி நிதானமாக இழுத்து, பந்தை இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, வாயை எடுத்து மெல்ல மூச்சை விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தடவை. நடுவில் ஓய்வு கொடுக்காமல் இழுத்தால் தலை சுற்றும்.

இதெல்லாம் டப்பாவில் இருக்கிற காகிதத்தில் இருக்கிறதா என்றால், எறும்பு சைஸ் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? எனக்குப் பக்கத்து பெட்டில் இருந்த பெரியவர் இதை ஊதிக்கொண்டே இருந்தார். ஊதினால் பந்து எப்படி ஏறும்? தனக்கு மூச்சே போய்விட்டது என்று அவர் பயந்துபோனார், பாவம்.

வாங்குகிறவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே வாங்கிப் பழகுங்கள், அதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. வீட்டில் இரண்டு பந்தைச் சுலபமாக நிறுத்திய நான், ஆபரேஷன் முடிந்த மறுநாள் முதல் பந்தையே கொஞ்சம் ஆட்டத்தான் முடிந்தது. எனக்குக் கேமரா வைத்துச் சின்ன ஓட்டைகள் வழியாகத்தான் செய்தார்கள். அப்படியும் விலாவில் டியூப் போட்டிருக்கும்போது மூச்சை இழுத்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் அடியில் காற்றறைகள் சுருங்கிக்கொள்ளும், சளி தேங்கும், நிமோனியா வரை போகும். முன்னாலேயே பழகியிருந்ததால் வாயையும் மூச்சையும் எப்படி வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை, வலியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று இருந்தது. வலி மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த பிறகு, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து செய்தால் கொஞ்சம் தேவலை.

இந்தக் கருவி ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மற்ற ஃபிசியோ பயிற்சிகளைவிட இதனால் கூடுதல் நன்மை என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை என்பதை என் டாக்டரே சொன்னார். எழுந்து நடப்பதும், தலையணையை விலாவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமிச் சளியை வெளியே எடுப்பதும்தான் பெரிய வேலை. இருமும்போது, விலா டியூபின் மறுமுனை போய்ச் சேருகிற, தரையில் இருக்கிற பாட்டிலில் குமிழி வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், நர்ஸிடம் சொன்னால் போதும். டியூபோடு பாட்டிலையும் கையில் பிடித்துக்கொண்டு, அதை இடுப்புக்கு மேலே தூக்காமல், வார்டைச் சுற்றி வந்தேன். அப்படி இருந்தும் நான் இதற்கு நான்கு ஸ்டார் போடக் காரணம், நடையில் தெரியாத முன்னேற்றம் இதில் கண்ணுக்குத் தெரிகிறது. நேற்று ஆடிய பந்து இன்று நிற்கிறது என்றால் அன்றைக்குச் சாப்பாடே இறங்குகிறது.

குறை என்று பார்த்தால், டியூப் கருவியில் சேருகிற இடம் லொடலொடவென்று இருக்கிறது. கழன்றிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் பந்து அசையாது, நமக்குத்தான் மூச்சில்லை என்று தோன்றிவிடும். முதலில் அதை அழுத்திப் பாருங்கள். வாயில் வைக்கிற பகுதியை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அறைக்குள் தண்ணீர் போனால் பந்து ஒட்டிக்கொள்ளும். ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. என் ஓர்ப்படி தன் மாமாவுக்குக் கேட்டாள். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன், கூடவே எப்படி இழுப்பது என்று தமிழில் எழுதி டப்பாவில் ஒட்டிவிட்டேன்.