ஜிம்மி காபுக்காக வாங்கிய இசைத்தட்டு

ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ தொகுப்பைப் பெரும்பாலோர் அவருடைய டிரம்பெட்டுக்காகவோ ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோனுக்காகவோ வாங்குவார்கள். நான் 180 கிராம் எடையுள்ள இந்த வினைல் இசைத்தட்டு மறுபதிப்பை, அதில் டிரம்ஸ் வாசித்த ஜிம்மி காபுக்காகவே வாங்கினேன்.

1929இல் வாஷிங்டனில் பிறந்த காப், சாக்ஸபோன் கலைஞர் ஏர்ல் பாஸ்டிக், பாடகி டைனா வாஷிங்டன் ஆகியோருக்கு வாசித்துவிட்டு, 1958இல் டேவிஸின் குழுவில் ஃபில்லி ஜோ ஜோன்ஸ் இருந்த இடத்துக்கு வந்தார். மறு ஆண்டு நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஒலிப்பதிவுக் கூடத்தில், மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில் இத்தொகுப்பு பதிவானது. நம் கச்சேரிகளில் பக்கவாத்தியக்காரருக்குத் தனி ஆவர்த்தனமாவது கிடைக்கும். இத்தொகுப்பில் காபுக்கு அதுவும் இல்லை.

ஆனாலும் ‘சோ வாட்’ பாடலைக் கவனியுங்கள். ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில், டேவிஸ் தனியாக வாசிக்கத் தொடங்கும் அதே கணத்தில், காப் டிரம்ஸின் உலோகத் தாளமான சிம்பலில் ஓங்கி ஒரு அடி வைக்கிறார். சத்தம் சற்று மிகுந்துவிட்டதோ என்று அவரே முதலில் எண்ணினாராம். இந்த இசைத்தட்டில் அந்த ஒலி சட்டென அறுபடாமல், பால் சேம்பர்ஸின் பாஸ் நடையின் மேல் மெல்லக் கரைந்து அடங்குவது தெளிவாகக் கேட்கிறது. கொடுத்த பணத்துக்கு எனக்கு இதுவே போதும். ‘புளூ இன் கிரீன்’ பாடலில் குச்சிகளுக்குப் பதிலாக காப் பயன்படுத்தும் பிரஷ்கள் மூச்சுவிடும் அளவுக்குத்தான் ஒலிக்கின்றன என்பதால், தட்டின் பின்னணி இரைச்சல் குறைவாக இருப்பது அங்கே பெரிதும் உதவுகிறது.

வாங்குவோர் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். மார்ச் பதிவின்போது ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் பழைய பதிப்புகளில் சற்றே உயர்ந்த சுருதியில் ஒலித்தன. இந்தப் பிழை 1990களில்தான் திருத்தப்பட்டது. என்னிடம் உள்ளது திருத்தப்பட்ட பதிப்பே. விற்ற கடை மெல்லிய அட்டையில் பொதிந்து அனுப்பியதால் உறையின் மூலை நசுங்கியிருந்தது என்பதுதான் குறை.

காப் தம் பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டது ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான். இடையில் பாடகி சாரா வானுக்குப் பல ஆண்டுகள் வாசித்தார். ‘கைண்ட் ஆஃப் புளூ’ தொகுப்பின் கலைஞர்களில் கடைசியாக எஞ்சியிருந்த அவர், 2020 மே மாதம் காலமானார். அவருடைய வேகத்தையும் கேட்க விரும்புவோர், பியானோ கலைஞர் வின்டன் கெல்லி, சேம்பர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து கிதார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரிக்கு அவர் வாசித்த, 1965ஆம் ஆண்டின் ‘ஸ்மோக்கின் அட் த ஹாஃப் நோட்’ தட்டையும் சேர்த்தே வாங்கலாம்.